"ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்"

பையன் ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டா நம்ம ஊர்ல வீட்டுல இருந்து வர்ற மொத டயலாக், "என் புள்ள நல்லவன்தான் சார், சேர்க்கைதான் சரியில்ல". அடுத்தது, "ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போய் ரெண்டு தட்டு தட்டி பயம் காட்டி அனுப்புங்க". நான் சாயங்காலத்துல ஏரியா பசங்களுக்கு டியூஷன் எடுக்குற ஆளு, இந்த ரெண்டையும் ஒரே அம்மா ஒரே மூச்சுல சொல்லி கேட்டிருக்கேன். மொத டயலாக்ல நிறைய உண்மை இருக்கு. ரெண்டாவதுலதான் எல்லாம் கெட்டுப்போகுது.

சேர்க்கைன்னா சும்மா இல்லங்க. 2005ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. வீடியோ கேம் மாதிரி கார் ஓட்டணும், சிக்னல் மஞ்சள் ஆனப்புறமும் எவ்ளோ தூரம் துணிஞ்சு போறாங்கன்னு பாக்கணும், அவ்ளோதான். 13லருந்து 16 வயசு பசங்க பக்கத்துல ஃபிரெண்ட்ஸ் நின்னு பாத்தா, தனியா ஆடுறத விட கிட்டத்தட்ட டபுள் ரிஸ்க் எடுத்தாங்க. 24 தாண்டினவங்களுக்கு யார் நின்னாலும் ஒண்ணுதான்.

இத பாக்க லேப் எல்லாம் வேணாம், காலைல எட்டரை மணிக்கு மாநகர பஸ் ஏறினா போதும். தனியா வர்றப்ப சீட்டு காலியான்னு எட்டிப் பாக்குற அதே பையன், கூட நாலு பேர் இருந்தா பேக்க ஜன்னல் வழியா யாரோ ஒரு அக்கா மடியில தள்ளிட்டு படிக்கட்டுல தொங்கி ஷூவ ரோட்டுல தேச்சுட்டே வருவான். கண்டக்டர் விசில் ஊதி வண்டிய நிறுத்தினா இறங்கி ஒரு சிரிப்பு. அந்த சிரிப்பு கண்டக்டருக்கு இல்ல, பின்னாடி நிக்கிற நாலு பேருக்கு. இப்ப அந்த நாலு பேர் போன்லயும் வந்துட்டாங்க, கத்திய வச்சு பிஜிஎம் போட்டு ரீல்ஸ் விட்டா நானூறு பேர் ஹார்ட்டு போடுறான், பதினஞ்சு வயசுல அதுதான் மார்க்ஷீட்டு.

இதுக்கு நடுவுல ஒரு அண்ணன் வருவாரு. எடுத்த எடுப்புல தப்பு எதுவும் சொல்ல மாட்டாரு. பிரியாணி வாங்கித் தருவாரு, பைக்க குடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வாடா தம்பின்னுவாரு, வீட்டுல யாரும் கேக்காத "சாப்டியாடா"வ அவரு கேப்பாரு. அப்புறம் ஒரு நாள், இந்த கவர அங்க குடுத்துட்டு வந்துடு. பையன் தயங்கினா, "நீ மைனர்டா, உன்ன ஒண்ணும் பண்ண முடியாது". 16 வயசுக்கு மேல பெரிய குற்றம்னா பெரியவங்க மாதிரியே விசாரிக்க 2015 சிறார் நீதிச் சட்டத்துல வழி இருக்குன்னு அண்ணன் சொல்ல மாட்டாரு. சின்னப் பசங்கள இப்படி யூஸ் பண்ற பெரியவங்களுக்கு அதே சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், அஞ்சு லட்சம் அபராதம்னு 83வது பிரிவு இருக்கு, அதையும்தான் சொல்ல மாட்டாரு.

சரி, பயம் காட்டுனா அடங்குவானா? அமெரிக்காவுல எழுபதுகள்ல நியூ ஜெர்சி ராவே ஜெயில்ல இதையே ஒரு திட்டமா பண்ணாங்க. ஆயுள் கைதிங்கள விட்டு பசங்கள மூஞ்சிக்கு நேரா கத்த வைக்கிறது. டிவியில வந்து செம ஹிட்டு, ஊர் ஊரா காப்பி அடிச்சாங்க. பின்னாடி அந்த மாதிரி திட்டங்கள எல்லாம் சேத்து வச்சு கணக்கு பாத்தா, போயிட்டு வந்த பசங்கதான் போகாத பசங்கள விட அதிகமா தப்பு பண்ணியிருந்தாங்க.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது அத விட பழசு. 1939ல பாஸ்டன் பக்கத்துல கேம்பிரிட்ஜ், சோமர்வில்னு ரெண்டு ஊர்ல 506 பசங்கள எடுத்து, பாதி பேருக்கு ஆலோசகர், டியூஷன், டாக்டர் செக்கப், லீவுல சம்மர் கேம்ப்னு எல்லாம் குடுத்தாங்க, மீதி பாதிய அப்படியே விட்டுட்டாங்க. முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்னு ஒரு அம்மா ஒவ்வொருத்தரா தேடிப் போய் பாத்தா உதவி கெடச்சவங்க நெலம கெடைக்காதவங்கள விட மோசம். அதுலயும் சம்மர் கேம்புக்கு திரும்பத் திரும்ப போன பசங்கதான் ரொம்ப மோசம். பின்னாடி அவங்களும் மத்தவங்களும் சேந்து சொன்ன காரணம் இதுதான், தகராறு பசங்கள ஒண்ணா சேத்து வச்சா ஒருத்தன் சேட்டைக்கு இன்னொருத்தன் கை தட்டுறான்.

அப்ப நாம என்ன பண்றோம்னு பாருங்க. பள்ளிக்கூடத்துல ஹான்ஸோ கூல் லிப்போ, அதான் வாயில அடக்குற புகையிலை, பாக்கெட்ல மாட்டுச்சுன்னா டிசி. டிசி வாங்கினவன் காலைல பத்து மணிக்கு யாரோட இருப்பான்? அந்த நேரத்துல சும்மா இருக்குற இன்னொருத்தனோட. சேர்க்கை சரியில்லன்னு புலம்பிட்டு நாமளே கைய புடிச்சு கூட்டிட்டு போய் அங்க விட்டுட்டு வர்றோம். ஊரையே அப்படி பண்ணியிருக்கோம், 2000லருந்து சென்னை குடிசைங்கள எடுத்து ஊருக்கு வெளிய இருக்குற கண்ணகி நகர்ல கொண்டு போய் விட்டப்ப ஸ்கூல் ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம் ஆகி எத்தன பசங்க படிப்ப விட்டாங்க, அப்புறம் அட்ரஸ்ல கண்ணகி நகர்னு இருந்தாலே வேலை குடுக்க யோசிக்கிறாங்க. அதே கண்ணகி நகர் கபடி கார்த்திகா 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கத்தோட வந்தப்புறம்தான் டிவிக்காரங்களுக்கு அந்த ஊர்ல கோச்சும் கிரவுண்டும் இருக்குறது தெரிஞ்சுது.

என் கணக்கு சிம்பிள், அந்த வயசு பசங்களுக்கு கும்பல் வேணும், அத ஒடைக்க முடியாது, வேற கும்பல்தான் குடுக்கணும். புதுவண்ணாரப்பேட்டையில ஆட்டோ ஓட்டுற ஒருத்தர் கேரம் சென்டர் நடத்துறாரு, அவர் பொண்ணு காசிமாதான் 2024ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குச்சு. எல்லாரும் தங்கத்த பாத்தாங்க. நான் பாக்குறது, சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் அந்த மாதிரி ஒரு ரூம்ல ஸ்ட்ரைக்கர புடிச்சிட்டு இருக்குற, மெடல் எதுவும் வாங்காத மத்த புள்ளைங்கள. அந்த மூணு மணி நேரத்துலதான் அண்ணனும் பிரியாணியோட வருவாரு. பள்ளிப் பசங்கள நல்வழிப்படுத்த சென்னை போலீஸ் 2022ல 100 பள்ளிகள்ல ஆரம்பிச்ச சிற்பி திட்டம்கூட, எட்டாங்கிளாஸ் பசங்களத்தான் சேத்துக்குது, அது கரெக்டான வயசு, பத்தாவதுல போனா லேட்டு.

இன்னொண்ணு, ஏற்கனவே கேஸ் ஆன பசங்களுக்கு. சிறார் நீதிச் சட்டம் 24வது பிரிவுப்படி, பெரியவங்க மாதிரி விசாரிச்சு தண்டனை வாங்குன 16 வயசுக்கு மேற்பட்டவங்கள தவிர, மத்த யாருக்கும் அந்த கேஸால தகுதியிழப்பு கிடையாது, ரெக்கார்டையும் ஒரு கட்டத்துல அழிச்சிடணும். இது தெரியாம "கேஸ் இருக்குல்ல சார், அப்ளிகேஷன் போட்டு என்னத்துக்கு"ன்னு பழைய கூட்டத்துக்கே திரும்பிப் போன பசங்கள நான் பாத்திருக்கேன். உங்க தெருவுல அப்படி யாராவது இருந்தா மாவட்ட கோர்ட்ல இருக்குற இலவச சட்ட உதவி மையத்துக்கு அனுப்புங்க, சிறார்களுக்கு ஃபீஸ் கிடையாது.