அம்மாவோட நடக்க ஒரு ஊர்: சவானா நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025, சனி

அம்மா பொங்கலுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. டல்லஸ் பக்கம் நாங்க இருக்குற ஏரியால பால் வாங்கணும்னாலும் கார் எடுக்கணும், பிளாட்பாரம்னு ஒண்ணு கொஞ்ச தூரம் வரும், அப்புறம் அதுவும் புல்லுல போய் முடிஞ்சிடும். கும்பகோணத்துல காலைல காய் வாங்க ஒரு நடை, சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடைன்னு இருந்தவங்க இங்க ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, எனக்கு மனசே ஆறல. மார்ச் கடைசில லீவு சொல்லியாச்சு. காரையே தொடாம சுத்துற மாதிரி, பரபரப்பு இல்லாத ஊரா ஒண்ணு பாக்கணும். அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவா நடந்தா எவ்வளவு தூரம் வேணாலும் வருவாங்க, ஆனா அப்பப்ப உக்காரணும்.

பிப்ரவரி 12, புதன்

எனக்கு முதல்ல தோணினது கனடாவுல இருக்குற மான்ட்ரியால்தான். அங்க தீவு முழுக்க சிவப்பு சிக்னல்ல கார் வலது பக்கம் திரும்பக் கூடாது, மத்த பெரும்பாலான ஊர்ல திரும்பலாம், வட அமெரிக்காவுல இது எவ்வளவு பெரிய விஷயம்னு ரோடு கிராஸ் பண்றவங்களுக்குத்தான் தெரியும். 1933-லேருந்து நடக்குற ஜான் தலோன் மார்க்கெட், வெளிப்பக்கமா வளைஞ்சு வளைஞ்சு ஏறுற படிக்கட்டு வச்ச வீடுங்க, பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போனா இலங்கைத் தமிழர்கள் கடைகள், அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கும் குறை இருக்காது. ஆனா அம்மா கையில இருக்குறது அமெரிக்க டூரிஸ்ட் விசா மட்டும்தான். கிரீன் கார்டு இருக்குற எங்களுக்கு கனடா போக விசா வேண்டாம், அவங்களுக்குத் தனியா எடுக்கணும், அதுக்கு இப்ப நேரம் பத்தாது. போதாக்குறைக்கு மார்ச் கடைசில அங்க இன்னும் பனி கிடக்கும். ஒரு ஜூலை மாசம் கட்டாயம் போகணும். விசாவால விக்டோரியாவும் போச்சு, கியூபெக் சிட்டியும் போச்சு, கியூபெக்ல படி வேற ஜாஸ்தி.

பிப்ரவரி 16, ஞாயிறு

சான் பிரான்சிஸ்கோ மேடு. பாஸ்டன் குளிர். மெக்சிகோவுல மெரிடா ரொம்ப ஆசை காட்டுச்சு, அமெரிக்க விசா இருந்தாலே உள்ள விட்டுடுவாங்க, சதுக்கத்துல ரெண்டு பேர் முகம் பாத்துப் பேசுற மாதிரி வளைஞ்ச வெள்ளை நாற்காலி எல்லாம் போட்டிருக்காங்க, ஆனா மார்ச் கடைசில வெயில் கொளுத்தும். மிச்சம் இருக்குறது தென் கரோலினாவுல சார்ல்ஸ்டனும் ஜார்ஜியாவுல சவானாவும். ரெண்டும் கடலோரத் தெற்கு ஊருங்க, ரெண்டும் பழசு. வீட்டுக்காரர் சார்ல்ஸ்டன் பக்கம், நான் இன்னும் முடிவு பண்ணல.

பிப்ரவரி 23, ஞாயிறு

சவானா. முடிவாயிடுச்சு. மேப்பைப் பெருசாக்கிப் பாத்ததுமே புரிஞ்சது. ஊர் நடுவுல வரிசை வரிசையா பச்சைக் கட்டங்க, ஒவ்வொண்ணும் ஒரு சதுக்கம். 1733-ல ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் இந்த ஊர நிறுவினப்பவே போட்ட பிளான் அது. நடுவுல ஒரு சதுக்கம், கிழக்கு மேற்குல பொதுக் கட்டடங்களுக்கு நாலு மனை, வடக்கு தெற்குல பத்து பத்தா நாப்பது வீடு, இதுதான் ஒரு வார்டு. ஊர் வளர வளர இதே அச்சுல அடுத்தடுத்து வார்டு சேத்துட்டே போயிருக்காங்க, 1851-ல 24 சதுக்கம் ஆயிடுச்சு, இன்னைக்கு 22 இருக்கு. அம்மாவ மனசுல வச்சுப் பாத்தா எனக்கு இதைவிட என்ன வேணும், ஒவ்வொரு சதுக்கத்துலயும் மர நிழல், பெஞ்ச், ஒண்ணுலேருந்து அடுத்ததுக்கு சில நிமிஷ நடை. நடக்க நல்ல ஊர்னு போடுற லிஸ்ட்ல எல்லாம் கடை எவ்வளவு கிட்ட, பஸ் எவ்வளவு கிட்டன்னுதான் கணக்கு பண்றாங்க, வழியில உக்கார இடம் இருக்கான்னு யாரும் சொல்றதில்ல. வயசானவங்களக் கூட்டிட்டுப் போறவங்க முதல்ல அதைத்தான் பாக்கணும்.

மார்ச் 2, ஞாயிறு

ரூம் போட்டாச்சு, மேடிசன் சதுக்கத்துக்குப் பக்கத்துல. தேதி பாத்து வைங்க, மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு அங்க பெரிய ஊர்வலம், 1824-லேருந்து நடக்குது, அந்த வாரம் ஊர் கொள்ளாத கூட்டம். அது அடங்கினப்புறம் போனா அசேலியா பூவும் பாக்கலாம், வெயிலும் ஏறியிருக்காது. ஜூன் ஜூலைல போனா வேர்த்து ஊத்தும்.

மார்ச் 28, வெள்ளி

வந்து சேந்தாச்சு. ஏர்போர்ட்லேருந்து டாக்ஸி, அதோட கார் சகவாசம் முடிஞ்சது. சாயங்காலம் சும்மா வெளிய வந்தோம். லைவ் ஓக் மரங்க, கிளை எல்லாம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வரைக்கும் போய் மேல பந்தல் போட்டிருக்கு, அதுலேருந்து சாம்பல் கலர்ல நாரு நாரா தொங்குது. ஸ்பானிஷ் மாஸ்னு பேர், உண்மையில அன்னாசிப்பழ வகையச் சேந்த செடி, மரத்துலேருந்து எதையும் உறிஞ்சாம காத்துலயும் மழையிலயும் வர்றத வச்சே வாழுது. அம்மா ஒரு மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருந்தாங்க, "ஏண்டி, இதுக்கு எத்தனை வயசிருக்கும்"னு கேட்டாங்க, பதில் சொல்றதுக்குள்ள அடுத்த மரத்துக்குப் போயிட்டாங்க.

மார்ச் 29, சனி

இன்னைக்கு புல் ஸ்ட்ரீட் முழுக்க நடந்தோம். சிட்டி ஹால்லேருந்து ஃபோர்சைத் பார்க் வரைக்கும் சுமார் ஒரு மைல், நடுவுல அஞ்சு சதுக்கம், ஜான்சன், ரைட், சிப்பேவா, மேடிசன், மான்டரே. தெரு நேரா வந்து சதுக்கத்துல முட்டி நிக்குது, கார்க்காரங்க ஒருவழியா சுத்திப் போய்த்தான் அந்தப்பக்கம் தெருவப் பிடிக்கணும், அவசரக்காரங்க யாரும் இந்தத் தெருவுக்கே வர்றதில்ல, பக்கத்துல இருக்குற ட்ரேட்டன், விட்டேக்கர்னு நேர் ரோடுகள்ல போயிடுறாங்க. நமக்கோ சதுக்கத்துக்கு நடுவுல குறுக்கால நேர் வழி. எந்த போலீஸும் இல்லாம, எந்த போர்டும் இல்லாம, ஒரு பிளான் கிட்டத்தட்ட மூணு நூற்றாண்டு கழிச்சு இன்னைக்கும் காரை மெதுவாப் போக வைக்குது பாருங்க.

அம்மா ஒரு சதுக்கம் விடாம உக்காந்தாங்க. ரைட் சதுக்கத்துல யமக்ரா பழங்குடி மக்களோட தலைவர் டோமோச்சிச்சி நினைவா ஒரு பெரிய பாறை இருக்கு. ஓகிள்தோர்ப் இங்க குடியேற இடம் விட்டவர் அவர்தான், 1739-ல இங்கதான் அவரைப் புதைச்சாங்க, அப்புறம் 1883-ல அந்தச் சமாதி இருந்த எடத்துலயே ஒரு ரயில்வே கம்பெனித் தலைவருக்கு நினைவுச்சின்னம் கட்டிட்டாங்க. பாறை வந்தது 1899-ல, அதுவும் ஒரு ஓரமா. அம்மா கிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஃபோர்சைத் பார்க் நீரூற்று 1858-ல வச்சது. அதுக்கு எதிர்ல ஐஸ்கிரீமோட உக்காந்திருந்தோம், கிட்டத்தட்ட மத்தியானம் முழுக்க. சின்னதா ஒரு கொசு மாதிரி பூச்சி, கண்ணுக்கே தெரியாது, கடிச்சா அரிக்கும், ஸ்ப்ரே கொண்டு போங்க.

மார்ச் 31, திங்கள்

ஆத்தங்கரை. பே ஸ்ட்ரீட்லேருந்து ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்குற கல் படிங்க ரொம்ப செங்குத்து, முட்டி வலி உள்ளவங்க அதுல கால் வைக்க வேண்டாம், லிஃப்ட் இருக்கு. கீழ தரை முழுக்க அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்காகக் கொண்டு வந்து இறக்கின உருண்டைக் கல்லு, செருப்பு நல்லதா இருக்கணும்.

நாங்க தண்ணி ஓரத்துல உக்காந்திருந்தப்ப ஒரு கன்டெய்னர் கப்பல் வந்துச்சு. சவானா நாட்டுலயே பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு, கப்பல் இந்தச் சின்ன ஆத்து வழியாத்தான் மேல போகணும். எதிர்க்கரையே மறைஞ்சு போச்சு. பழைய பருத்திக் கிடங்குக் கட்டடங்களவிட உசரமா பெட்டி மேல பெட்டி அடுக்கி, சத்தமே இல்லாம நகருது, மேல ஒரு ஆள் நின்னு கை காட்டுறார், அம்மாவும் எழுந்து நின்னு கை காட்டுனாங்க. அங்கயே ஒரு சிலை இருக்கு, ஃப்ளோரன்ஸ் மார்ட்டஸ்னு ஒரு அம்மா, 1887-லேருந்து 1931 வரைக்கும் வர்ற போற கப்பலுக்கெல்லாம் துணி வீசி வரவேற்பு சொன்னவங்க. அவங்க பேர்ல ஒரு படகும் இருக்கு. அக்கரைக்குப் போற இந்தப் படகுக்கு டிக்கெட் கிடையாது, ஊருக்குள்ள ஓடுற டாட் பஸ்சும் அப்படித்தான். இன்னொரு படகுக்கு சூசி கிங் டெய்லர் பேர் வச்சிருக்காங்க. அடிமையாப் பிறந்து, ரகசியமாப் படிச்சு, உள்நாட்டுப் போர்ல நர்ஸாவும் டீச்சராவும் இருந்தவங்க.

கடையில அவிச்ச வேர்க்கடலை வித்தாங்க, ஜார்ஜியாவுல இது ரொம்ப சாதாரணம், உப்புத் தண்ணியில தோலோட அவிச்சது. அம்மா முகத்தப் பாக்கணுமே!

ஏப்ரல் 1, செவ்வாய்

ஃபிராங்க்ளின் சதுக்கத்துல ஃபர்ஸ்ட் ஆப்ரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச். 1850-கள்ல அடிமைகளா இருந்தவங்க பகல் வேலை முடிச்சு ராத்திரில கட்டின கட்டடம். கீழ்த்தளப் பலகைத் தரையில சின்னச் சின்ன ஓட்டைங்க, ஒரு கோலமா அமைஞ்சிருக்கு. தப்பிச்சுப் போறவங்க தரைக்கு அடியில ஒளிஞ்சிருந்தப்ப மூச்சு விடத்தான் அந்த ஓட்டைன்னு சர்ச் ஆளுங்க சொல்றாங்க. நான் குனிஞ்சு விரலால தொட்டுப் பாத்தேன். இந்த ஊரோட அழகுக்கெல்லாம் அடியில இது இருக்கு, பாக்காமப் போகக் கூடாது.

அங்கேருந்து எல்லிஸ் சதுக்கம் பக்கத்துலதான். 1954-ல அங்க இருந்த பழைய மார்க்கெட்ட இடிச்சு கார் நிறுத்த அடுக்குமாடி கட்டுனாங்க. அந்தக் கோவத்துல ஏழு பொண்ணுங்க சேந்து 1955-ல ஒரு அமைப்பு தொடங்கி, டேவன்போர்ட் வீடுன்னு ஒரு பழைய வீட்ட இடிக்க விடாமக் காப்பாத்தி, அப்படித்தான் மிச்ச ஊர் தப்பிச்சது. கார் கட்டடத்தையும் பின்னாடி எடுத்துட்டு, 2010-ல திரும்ப சதுக்கமாத் திறந்தாங்க, கார் எல்லாம் இப்ப தரைக்குக் கீழ. பசங்க தண்ணியில விளையாடுறாங்க.

நாளைக்கு டெய்லர் சதுக்கம். அடிமை முறைய ஆதரிச்ச கால்ஹூன்ங்கிற அரசியல்வாதி பேர்ல இருந்தத 2023-ல சூசி கிங் டெய்லர் பேருக்கு மாத்திட்டாங்க. ஹோட்டல்லேருந்து ரெண்டு மூணு தெருதான், அம்மா காலைலயே கிளம்பணும்ங்கிறாங்க. எங்க தங்குறதுன்னு கேக்குறவங்களுக்கு, ஃபோர்சைத் பார்க்குக்கு வடக்க, புல் ஸ்ட்ரீட்ட ஒட்டின தெருவாப் பாருங்க, ஞாயித்துக்கிழமைலேருந்து வியாழன் வரைக்கும் வாடகை கொஞ்சம் இறங்கும்.