‘ஜோதி’யுடன் பதினைந்து நாட்கள்

2 ஜூன் 2024

இன்று மாலை முழுவதும் ஒரே ஆல்பத்தை மூன்று முறை கேட்டேன். 1983 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் பதிவு செய்யப்பட்டு, மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘ஜோதி’. பெங்களூரில் மிருதங்க வித்வான் டி. ஏ. எஸ். மணி 1964இல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்து வாசித்தது. ஆர். ஏ. ரமாமணி பாடுகிறார், தம்புராவும் அவருடையதே. மணி மிருதங்கம், ஆர். ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி. என். சசிகுமார் கஞ்சிரா, கடைசி இருவரும் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சொல்கிறார்கள். மரியானோவின் கையில் சொப்ரானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மட்டுமே.

பியானோ இல்லை, பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஜாஸில் ஊதுபவர் காலூன்றி நிற்கும் தரையே அந்த மூன்றும்தான். அவற்றை விட்டுவிட்டு, மாறாத ஆதார சுருதியின் மேல் ஒரு ஜாஸ் கலைஞர் நாற்பது நிமிடங்களுக்கு மேல் எப்படி நிற்கிறார் என்பதை இந்த மாதம் பொறுமையாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

4 ஜூன்

மரியானோ 1923இல் பாஸ்டனில் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் வாசித்தார். பெர்க்லீ இசைப்பள்ளியில் பயின்று, பின்னர் அங்கேயே கற்பித்தார். 1963இல் ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ ஆல்பத்தில் அவர் வாசித்த ஆல்டோ சாக்ஸபோன், அழுகைக்கும் வேண்டுதலுக்கும் நடுவே எங்கோ நிற்கிற குரல். அந்த ஒன்றுக்காகவே அவர் பெயர் நிலைத்திருக்கும்.

ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவைப் பயிற்றுவிக்கக் கோலாலம்பூர் சென்றபோதுதான் நாகஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. தமிழர்கள் கடல் கடந்து கொண்டுபோன வாத்தியம், பாஸ்டன்காரர் ஒருவரைத் தென்னிந்தியாவுக்கே இழுத்துவந்து மாணவராக உட்கார வைத்தது. பெயரும் பதவியும் வந்த பிறகு, நாகஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியைப் புதிதாக உதட்டில் வைத்து முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்குவது எளிய காரியமன்று. ‘எம்ப்ரியோ’ என்ற ஜெர்மானியக் குழுவின் 1973ஆம் ஆண்டு ஆல்பமான ‘வீ கீப் ஆன்’ தட்டில் அவர் நாகஸ்வரமே வாசித்திருக்கிறார்.

‘ஜோதி’ பதிவானபோது அவருக்கு வயது 59.

7 ஜூன்

முதல் தடத்தின் பெயரே ‘வாய்ஸ் சோலோ’. விருந்தாளியின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும் ஓர் ஆல்பம், அவரை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்காரப் பெண்ணின் குரலோடு தொடங்குகிறது. இந்த வரிசையை யார் தீர்மானித்திருந்தாலும் அவருக்கு என் நன்றி. இசையமைப்பு முழுவதும் ரமாமணியுடையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேற்கத்தியக் கலைஞர்கள் நம் இசையோடு சேர்ந்து செய்த பல பதிவுகளில், நம்மவர்கள் பின்னால் அமர்ந்து வண்ணம் பூசுபவர்களாகவே இருந்துவிடுகிறார்கள். இங்கே வீடும் அவர்களுடையது, சமையலும் அவர்களுடையது. வந்தவர் இலை முன் அமர்ந்து, பரிமாறியதை உண்டு, அதற்குப் பிறகே பேசுகிறார்.

‘வந்தனம்’, ‘வர்ஷினி’, ‘சப்தரிஷி’, ‘கார்த்திக்’ என்று அடுத்தடுத்துக் கேட்டபோது, மரியானோவின் இடம் எது என்று தேடிக்கொண்டே இருந்தேன். பக்கவாத்தியமா என்றால் இல்லை, வயலின்காரரைப்போல் அவர் நிழலாகத் தொடரவில்லை. தனி வாத்தியமா என்றால் அதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குமேல் பிடிபட்டது. கோயில் வாசலில் இரண்டு நாயனக்காரர்கள் சேர்ந்து வாசிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: முதல் நாயனம் ஒரு சங்கதியை, அதாவது பாட்டு வரியின் ஒரு வடிவத்தை, விரிக்க, இரண்டாம் நாயனம் சில இடங்களில் அதனோடு ஒன்றி, சில இடங்களில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக் காத்திருந்து, முறை வரும்போது அந்தச் சங்கதியையே தன் வழியில் சொல்லும். ரமாமணியின் குரல் முதல் நாயனம். மரியானோவின் சாக்ஸபோன் இரண்டாம் நாயனம். இப்படிக் கேட்கத் தொடங்கியபின் ஆல்பம் முழுவதும் எனக்குத் திறந்துகொண்டது.

8 ஜூன்

ஒரு குறையையும் எழுதிவைக்கிறேன். இ.சி.எம். பதிவுகளுக்கே உரிய அந்த விசாலமான எதிரொலி குரலுக்கும் சாக்ஸபோனுக்கும் அழகு சேர்க்கிறது, ஆனால் தாளவாத்தியங்களுக்கு அது பொருந்தவில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியிலிருந்து எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியையும், கடத்தில் நகம் படும் சொல்லையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதைப்போல் கேட்க ஆசைப்படுகிறேன். இதில் அவை கூடத்தின் மறுகோடியிலிருந்து வருகின்றன.

11 ஜூன்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நாகஸ்வர வித்வானிடம் பாட்டுக் கேட்கும் கருவியை எடுத்துக்கொண்டு போய் ‘வந்தன’த்தைப் போட்டுக் காட்டினேன். எழுபது வயதுக்குமேல் ஆனவர். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். ராகத்தைப் பற்றியோ தாளத்தைப் பற்றியோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: “தம்பி, இவரு மூச்சை எங்க வாங்குறாருன்னு கவனிச்சீங்களா? பாடுற அம்மா எங்க வாங்குறாங்களோ, அங்கதான்.”

பத்து நாட்களாகக் கேட்டும் என் காதில் விழாத செய்தி அது. பாட்டின் வரி எங்கே முடிகிறதோ அங்கே மூச்சை எடுப்பது, ஊதும் கலைஞர் பாடகரிடமிருந்து மட்டுமே கற்கக்கூடியது.

பிறகு பேச்சு சீவாளிக்குப் போயிற்று. நாகஸ்வரத்தின் சீவாளி திருவாவடுதுறையில் கொறுக்கந்தட்டையால் செய்யப்படுவது; இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று தொட்டு அதிர்கின்றன. சாக்ஸபோனின் நாக்கும் ஒருவகை நாணல்தான், ஆனால் அது ஒற்றை இதழ். ஊதுமுனையில் இறுக்கிக் கட்டியிருக்கும். அதைவிடப் பெரிய வேறுபாடு துளைகளில் இருக்கிறது. நாயனத்தில் விரல் நேராகத் துளையின் மேல் படுவதால், பாதி மூடி, கால்வாசி திறந்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகலாம். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே உலோகச் சாவியும் தோல் மூடியும் இருக்கின்றன. அது திறக்கும் அல்லது மூடும். ஆகவே ஸ்வரங்களை அசைத்து வழுக்கும் கமகத்தின் பெரும்பகுதியை உதட்டாலும் தொண்டையாலும்தான் வளைத்தெடுக்க வேண்டும். மரியானோ அதைச் செய்கிறார். எல்லா இடத்திலும் முழுமையாக வருகிறது என்று சொல்லமாட்டேன். சில அசைவுகள் ஜாஸின் ஏக்கமான வளைவாகவே நின்றுவிடுகின்றன. அவற்றை அவர் மறைக்க முயலாததை நான் மதிக்கிறேன்.

13 ஜூன்

சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் இதே பாதையில் எதிர்த் திசையிலிருந்து வந்தவர் என்பது நேற்றிரவு நினைவுக்கு வந்தது. அவர் தந்தையிடம் நாகஸ்வரம் பயின்று, மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் கேட்ட சாக்ஸபோனின் மேல் மனத்தைப் பறிகொடுத்தவர். 2008இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் அவர் வாசித்த ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை இன்று ஒருமுறை கேட்டேன். அங்கே இரண்டு ஆல்டோக்கள் முட்டி மோதி விளையாடுகின்றன, கிட்டாரும் டிரம்ஸும் உடன் இருக்கின்றன, வேகம் கொப்பளிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் அது. ஆனாலும் இந்த நாட்களில் என் மனம் ‘ஜோதி’யின் நிதானத்தையே நாடுகிறது.

16 ஜூன்

மரியானோ கொலோனில் மறைந்து இன்றோடு பதினைந்து ஆண்டுகள். காலையில் கடைசித் தடமான ‘பஜன்’ மட்டும் கேட்டேன்.

மதியம் வித்வான் தொலைபேசியில் அழைத்தார். நான் பதிந்து கொடுத்திருந்த ஆறு தடங்களையும் கேட்டுவிட்டாராம். சீவாளியை நனைத்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த சுருதி கொண்ட தன் பாரி நாயனத்தில் ‘வந்தன’த்தோடு சேர்ந்து வாசித்துப் பார்த்ததாகவும், அந்த அம்மாவின் சுருதி ஏற்றமாக இருப்பதால் சேரவில்லை என்றும் சொன்னார். அவருடைய அப்பா வாசித்த, உயர்ந்த சுருதி கொண்ட திமிரி நாயனம் ஒன்று பரணில் கிடக்கிறதாம். அதை இறக்கித் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பாராம். அடுத்த ஞாயிறன்று பாட்டுக் கேட்கும் கருவியோடு என்னை வரச் சொல்லியிருக்கிறார்.