யாரோட விரல்ல அளந்தாங்க?

2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்லேர்ந்து ஊர் திரும்பினவங்க வழியா கடலூர்ல கேஸ் மளமளன்னு ஏறுனது இங்க இருக்கறவங்க யாருக்கும் மறந்திருக்காது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே விரல்ல மாட்டுனா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு காட்டுற அந்த சின்ன மெஷின், பல்ஸ் ஆக்சிமீட்டர், எங்க தெருவுல வீட்டுக்கு வீடு வந்துடுச்சு. 94க்கு கீழ போனா ஓடு, மேல இருந்தா வீட்லயே இரு, இவ்வளவுதான் விதி. அந்த நம்பர முதல்ல யாரோட விரல்ல வெச்சு அளந்து முடிவு பண்ணாங்கன்னு நாங்க யாரும் கேக்கல, அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே தெரியாது.

கேட்டவங்க ஒரு மானுடவியல் பேராசிரியர். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில இருக்கற ஏமி மொரான்-தாமஸ். வீட்ல கணவருக்கு கொரோனா, அதுக்காக ஒரு ஆக்சிமீட்டர் வாங்கறாங்க, விரலுக்குள்ள சிவப்பா வெளிச்சம் பாயறத பாத்துட்டு, இது தோல தாண்டிதானே போகணும், தோலோட நிறத்துக்கு இது என்ன பண்ணும்னு தேட ஆரம்பிக்கறாங்க. 1990லயும் 2005லயும் டாக்டர்களே இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்காங்க, ஆனா வார்டுல யாரும் அத கண்டுக்கல. அவங்க 2020 ஆகஸ்ட்ல எழுதுன கட்டுரைய மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் படிச்சுட்டு தங்க ஆஸ்பத்திரி கணக்க எடுத்துப் பாக்கறாங்க. மெஷின் 92லேர்ந்து 96 வரைக்கும் காட்டுது, வார்டுல பரவால்லன்னு எடுத்துக்கற நம்பர், ஆனா அதே நேரத்துல ரத்தக்குழாய்லேர்ந்து எடுத்த ரத்தத்துல ஆக்சிஜன் 88க்கும் கீழ. இந்த மாதிரி ஏமாத்துன ரீடிங் வெள்ளை நோயாளிங்கள்ல 3.6%, கறுப்பின நோயாளிங்கள்ல 11.7%. அந்த வருஷம் டிசம்பர்லயே பிரசுரம் ஆச்சு, அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ மெஷினுக்கும் அனுமதி குடுக்கற எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டுச்சு.

மெஷின் வேலை செய்யறது இப்படி. ஒரு பக்கம் சிவப்பு வெளிச்சம், கூடவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, ஆக்சிஜன் இருக்கற ரத்தம் ஒரு அளவு உறிஞ்சும் இல்லாத ரத்தம் வேற அளவு உறிஞ்சும், நாடி துடிக்கறப்போ மாறுற பங்க மட்டும் பிரிச்சு எடுத்தா போதும்ங்கறது 1970கள்ல ஜப்பான்ல தகுவோ அவோயாகிங்கற இன்ஜினியர் கண்டுபிடிச்ச அருமையான யோசனை. அந்த யோசனைல ஒரு குறையும் இல்ல. ஆனா ரெண்டு வெளிச்சத்தயும் ரத்தம் உறிஞ்சுன விகிதத்த 97, 92ன்னு நம்பரா மாத்தறதுக்கு ஒரு அட்டவணை வேணும்ல, அது கணக்கு போட்டு வந்தது இல்ல, நல்லா இருக்கற ஆளுங்கள கூப்பிட்டு ஆக்சிஜன் கம்மியான காத்த சுவாசிக்க வெச்சு ரத்தம் எடுத்து மெஷினோட ஒப்பிட்டுப் பாத்து போடறது. 2013 எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல்படி அதுக்கு 10 பேர் இருந்தா போதும், அதுல கறுப்புத் தோல் உள்ளவங்க 2 பேர், இல்லன்னா 15%, எது அதிகமோ அது. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைல போய் நின்னு பாருங்க, வலை இழுத்துட்டு வர்றவங்க, மீன் கூடைய தலைல வெச்சு நடக்கறவங்க, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புல வேலை செய்யறவங்க. நம்ம ஊர்ல கறுப்புங்கறது ஓரத்துல சேத்துக்கற ரெண்டு பேர் இல்ல, ஊரே அதுதான்.

இத படிக்கறப்போ எனக்கு அப்பாவோட ஸ்டூடியோதான் ஞாபகம் வந்துச்சு. திருப்பாப்புலியூர்ல அப்பா ரொம்ப வருஷம் ஸ்டூடியோ வெச்சிருந்தார். கறுப்பு வெள்ளை காலத்துல நெகட்டிவ் காஞ்சதும் அடில வெளிச்சம் வர்ற சாய்ந்த மேசைல வெச்சு, நல்லா சீவுன பென்சிலால முகத்து மேல புள்ளி புள்ளியா வெப்பார். நெகட்டிவ்ல எங்க கருமை கூடுதோ பிரிண்ட்ல அங்க வெளுப்பா விழும். டச்சப். மணிக்கணக்கா குனிஞ்சு செய்யற வேலை அது, கையும் கண்ணும் அவ்வளவு பழகியிருக்கணும், அத கலைன்னு சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல. பொண்ணு போட்டோவுக்குன்னா கூடுதல் டச்சப். வர்றவங்க அம்மாவே "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்கண்ணே"ன்னு கெஞ்சுவாங்க.

கலர் ஃபிலிம் வந்ததும் பென்சிலுக்கு வேலை இல்ல, ஆனா பிரச்சனை பெருசாச்சு. மணமேடைல வெள்ளை வேட்டி சரியா வந்தா மாப்பிள்ளை முகம் காணாம போகும், முகம் வந்தா வேட்டி வெளுத்துப் போகும். இது எங்க ஊர் வெளிச்சத்தோட கோளாறுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பி வெச்ச ஒரு கார்டு உண்டு, அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம், அந்தப் பொண்ணோட தோல் நல்லா வந்தா கலர் சரின்னு அர்த்தம். முதல்ல அதுல இருந்தவங்க பேரு ஷெர்லி, அதனால ஷெர்லி கார்டு. கனடாவச் சேந்த லோர்னா ராத்ங்கற தகவல்தொடர்பு ஆய்வாளர் கோடாக்ல வேலை பாத்தவங்கள தேடிப் பிடிச்சு பேசி 2009ல எழுதுனாங்க. ஃபிலிம்ல கருமையான ஷேடுகள் ஒழுங்கா விழணும்னு கம்பெனிய நெருக்குனவங்க யாருன்னு பாத்தா, மர சாமான் விக்கறவங்களும் சாக்லேட் கம்பெனிக்காரங்களும்தான், எங்க தேக்கும் எங்க சாக்லேட்டும் விளம்பரத்துல ஒரே இருட்டா இருக்குன்னு புகார். மனுஷ முகம் அத்தன வருஷம் இருட்டா விழுந்ததுக்கு அவ்வளவு சத்தம் எழும்பல. இத படிச்ச அன்னிக்கு எனக்கு சரியா சாப்பிட முடியல.

ஏன்னா அந்த ஃபிலிம் மேல எங்க யாருக்கும் சந்தேகமே வரல. போட்டோ சரியா விழலன்னா முகத்து மேலதான் சந்தேகம். பவுடர் பூசிக்க, வெயில்ல போகாத, இந்தக் கலர் புடவை உனக்கு எடுக்காது. ஒரு தலைமுறைப் பொண்ணுங்க தன் ஆல்பத்த தானே பாக்கப் பிடிக்காம பீரோவுக்குள்ள வெச்சிருக்காங்க, எங்க அம்மாவும் அதுல ஒருத்தி.

(ஸ்டூடியோவையும் ஆஸ்பத்திரியையும் நான் வலிஞ்சு முடிச்சுப் போடறதா நெனைக்காதீங்க. ஊட்டில அரசாங்க கம்பெனி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்ல 'இந்து'ங்கற பேர்ல ஸ்டூடியோவுக்கான ஃபிலிமும் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்ரே ஃபிலிமும் வந்துச்சு, ரெண்டும் ஒரே கம்பெனி.)

ஆக்சிமீட்டர்லயும் அதேதான் நடக்குது. என் சித்தி ரொம்ப வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டாவது அலை நேரத்துல மெஷின் 95 காட்டும், ஆளு மூச்சு வாங்குதும்பாரு, அப்போ சுத்தி இருக்கறவங்க "பயத்துல அப்படி இருக்கும்"னு சொல்லிடுவாங்களாம். அங்கயும் சந்தேகம் உடம்பு மேலதான், மெஷின் மேல இல்ல. சித்தி என்கிட்ட சொன்னது: "மெஷின மட்டும் பாக்காதடி, நாக்க நீட்டச் சொல்லு, உதட்ட மடிச்சு உள்பக்கம் பாரு, கண் இமைய இழுத்துப் பாரு, ஒரு வாக்கியம் முழுசா பேசச் சொல்லு." ஆக்சிஜன் கம்மியானா கறுப்புத் தோல்ல நீலம் பாரிக்கறது கன்னத்துலயோ விரல்லயோ லேசுல தெரியாது, அந்த இடங்கள்லதான் தெரியும். லண்டன்ல மலோன் முக்வெண்டேன்னு ஒரு மருத்துவ மாணவர், பாடத்துல காட்டுற அறிகுறியெல்லாம் வெள்ளைத் தோல்லயே இருக்கேன்னு கேட்டு, 2020ல தன் ஆசிரியர்களோட சேந்து கறுப்புத் தோல் படங்களோட ஒரு கையேடே போட்டார். சித்தி அத பாத்ததில்ல, அனுபவத்துலயே வந்து சேந்துட்டாங்க.

என் துறையான மானுடவியலப் பத்தியும் மறைக்காம சொல்லணும். தோலுக்கு நம்பர் குடுக்கற பழக்கத்த ஆரம்பிச்சதுல மானுடவியலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபெலிக்ஸ் வான் லுஷான், டாக்டர், மானுடவியலாளர், 36 கண்ணாடித் துண்டு வெச்சு தோலோட ஒட்டிப் பாத்து நம்பர் போட்டார். இங்க மெட்ராஸ் மியூசியத்துல 1885லேர்ந்து இருந்த எட்கர் தர்ஸ்டன், அவரும் மருத்துவம் படிச்சவர்தான், நம்ம ஜனங்க மூக்கையும் மண்டையையும் இடுக்கி வெச்சு அளந்தார். அளக்கறது மேல கீழ வரிசைப்படுத்தறதுக்கு. அந்தக் கறை லேசுல போகாது, போகவும் கூடாது. 1975ல தோல் டாக்டர் ஃபிட்ஸ்பாட்ரிக் போட்ட அளவும் முதல்ல வெள்ளைத் தோலுக்குத்தான், 4 வகை, நம்ம நிறமெல்லாம் 5, 6ன்னு பின்னாடி சேத்தது. அப்புறம் ஹார்வர்ட்ல எல்லிஸ் மங்க்ங்கற சமூகவியலாளர், நிறத்துக்கும் வாழ்க்கைக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்புன்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர், 10 நிறத்துல ஒரு புது அளவு உண்டாக்குனார். 2022ல கூகுள் அத எடுத்துக்கிச்சு, 2025 ஜனவரில எஃப்.டி.ஏ. ஆக்சிமீட்டருக்கு போட்ட புது வரைவு விதிலயும் அந்த அளவு இருக்கு. ஒரு சமூகவியலாளர் போட்ட நிறப் பட்டை இன்னிக்கு கேமராவுக்கும் ஆஸ்பத்திரி மெஷினுக்கும் பொதுவா இருக்கு. சமூக அறிவியல் படிச்சா என்ன பிரயோஜனம்னு கேக்கற எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான் இதத்தான் சொல்றேன்.

ஆனா அந்த 10 நிறத்த அப்படியே கொண்டு வந்து இங்க வார்டுல வெச்சா வேலை ஆகாது. ஐ.சி.யூ. கேஸ் ஷீட்ல ஆக்சிமீட்டர் நம்பரும் இருக்கும், மணிக்கட்டுல ஊசி போட்டு எடுத்த ரத்தத்தோட நம்பரும் இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சா பாதி ஆராய்ச்சி முடிஞ்சுது. தோல் நிறத்த எழுதத்தான் அதுல இடம் இல்ல. சரி எழுதலாம்னா எப்படி கேக்கறது? கல்யாணத் தரகர்லேர்ந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் நிறத்த வெச்சு விலை போடற ஊர்ல, மாமியார் பக்கத்துல நிக்கறப்போ ஒரு பொண்ணுகிட்ட உன் நிறம் எதுன்னு பட்டைய நீட்டுனா அவ உண்மைய காட்டுவாளா? எழுதற நர்ஸுமே மரியாதைக்காக ஒரு படி வெளுப்பா எழுதிடுவாங்க. கடலுக்குப் போறவர் நெத்தி ஒரு நிறம், புஜத்து உள்பக்கம் வேற நிறம், விரல் நுனி இன்னொரு நிறம். டியூப் லைட்டுக்கு கீழ ஒண்ணு, ஜன்னல் பக்கம் ஒண்ணு. அதனால கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும், வெளிச்சம் தெரிஞ்ச போட்டோகிராபர் ஒருத்தர் வேணும், சித்தி மாதிரி உதட்ட மடிச்சுப் பாக்கற நர்ஸ் ஒருத்தர் வேணும்.

இவங்க எல்லாரும் புதுச்சேரிலயே இருக்காங்க. கோரிமேட்டுல ஜிப்மர், காலாப்பட்டுல யுனிவர்சிட்டி மானுடவியல் துறை, செயின்ட் லூயி தெருவுல 1955லேர்ந்து பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், அங்க பழைய தமிழ் ஸ்டூடியோ போட்டோக்கள தேடி எடுத்து டிஜிட்டல் பண்ண வேலையே நடந்திருக்கு. எம்.டி. தீசிஸுக்கு டாபிக் தேடிக்கிட்டிருக்கறவங்க யாராவது இத படிச்சா எனக்கு எழுதுங்க. கேள்விகள தமிழ்ல எழுதறதும், தேவனாம்பட்டினத்துல உக்காந்து பேசி எந்தக் கேள்வி எடுபடுது எது எடுபடலன்னு பாத்து திருத்தறதும் என் பொறுப்பு.