மாடியில் மரணம், கீழே ராஜினாமா

‘டவுன்டன் அபே’ ஒரே மாளிகையில் வாழும் ஆங்கிலப் பிரபு குடும்பத்தையும் அதன் வேலைக்காரர்களையும் பற்றிய பிரிட்டிஷ் தொடர்; மேலே குடும்பம், கீழே வேலைக்காரர்கள். அதன் மூன்றாவது சீசனை முடித்த கையோடு எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பிரபுவின் வாரிசும் மூத்த மகள் மேரியின் கணவருமான மேத்யூவை எதற்காகக் கொன்றார்கள்? பிள்ளை பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், எதிரே லாரி வந்து, கார் கவிழ்ந்து. 2012 கிறிஸ்துமஸ் இரவு பிரிட்டனில் ஒளிபரப்பானது. அங்கே இரவு 11 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 7. எபிசோட் நம் கைக்கு வருமுன்பே சேதி வந்துவிடும்.

காரணம் ஒப்பந்தம். நடிகர்களை மூன்று சீசனுக்குத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். அது முடிந்ததும் மேத்யூவாக நடித்த டேன் ஸ்டீவன்ஸ் விலகினார், பிரபுவின் கடைசி மகள் சிபிலாக நடித்த ஜெசிகா பிரவுன் ஃபின்ட்லேயும் விலகினார். அடுத்த சீசனில் ஒரே ஒரு எபிசோடுக்காவது ஸ்டீவன்ஸ் வரவேண்டும் என்று எழுத்தாளர் ஜூலியன் ஃபெலோஸ் விரும்பினார், அது நடக்கவில்லை. அதனால்தான் சாவு கிறிஸ்துமஸ் எபிசோடின் கடைசி நிமிடத்துக்கு வந்தது.

வெளியூருக்கு அனுப்பியிருக்கலாமே என்றால், முடியாது. முதல் சீசனிலேயே கதைக்கு முடிச்சுப் போட்டாயிற்று: பட்டமும் சொத்தும் ஆண் வாரிசுக்கு மட்டும். வாரிசு உயிரோடு இருக்கிறவரை எங்கே போனாலும் கதையை விட்டுப் போகமாட்டார். ஒவ்வொரு சாப்பாட்டு மேசைக் காட்சியிலும் யாராவது அவரைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். விவாகரத்தும் உதவாது. கதை நடப்பது 1921. கணவனின் கள்ள உறவு ஒன்றையே காரணம் காட்டி மனைவி விவாகரத்து கேட்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1923இல்தான். அப்படியே கேட்டாலும் மேத்யூவின் குணத்தையே கெடுக்கவேண்டி வரும்.

மாறாக, மேரியின் இரண்டாவது கணவர் ஹென்றி டால்பட்டைப் பாருங்கள். அந்த வேடத்தில் நடித்த மேத்யூ கூட், தொடரின் தொடர்ச்சியாக வந்த 2019 படத்தில் தலைகாட்டிவிட்டுப் போனார். 2022 படத்தில் கார்ப் பந்தயத்துக்குப் போயிருப்பதாக ஒரு வரியில் முடித்தார்கள். 2025 படத்தில் விவாகரத்து. இவர் வாரிசு இல்லை, அதனால் ஒரு வரி போதும்.

கீழே சமையலறையில் இந்தத் தொல்லையே கிடையாது. வேலைக்காரர் என்றால் வேறு வேலை கிடைத்தது என்று அனுப்பிவிடலாம். குவென் தட்டச்சு கற்றுக்கொண்டு செக்ரட்டரி வேலைக்குப் போகிறாள். ஓ'பிரையன் ராவோடு ராவாகக் கிளம்பி, லேடி ஃபிளின்ட்‌ஷயரோடு இந்தியாவுக்குப் போகிறாள். ஆல்ஃபிரட் ரிட்ஸ் ஹோட்டலில் சமையல் பயில, ஐவி அமெரிக்காவுக்கு. போரில் அடிபட்டுச் சாகும் வில்லியம் மட்டும் விலக்கு. இந்த மேல்தளம், கீழ்த்தளம் பிரிவைப் பிடித்துக்கொண்டால், யார் போகப்போகிறார் என்ற வதந்தி வரும்போதே எப்படிப் போவார் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம்.

தமிழ் சீரியலில் “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி போட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். பிரிட்டிஷ் காலகட்டத் தொடர்களில் இது அபூர்வம். 2020இல் டயானா ரிக் மறைந்தபின் ‘ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ தொடரில் மிசஸ் பம்ஃப்ரி வேடத்துக்கு பட்ரிஷியா ஹாட்ஜ் வந்தார். அது பொருந்தியது, காரணம் அந்தப் பாத்திரம் அவ்வப்போது வந்து போவது. ‘தி கிரவுன்’ இரண்டு சீசனுக்கு ஒருமுறை எல்லாரையும் மாற்றியது, ஆனால் அது முதலிலேயே போட்ட திட்டம்.

சிபில் சாவு மட்டும் வேறு ரகம். மூன்றாவது சீசன், ஐந்தாவது எபிசோட். உள்ளூர் டாக்டர் கிளார்க்சன் அவள் கணுக்கால் வீங்கியிருப்பதைக் கவனிக்கிறார், சிறுநீரைச் சோதிக்கிறார், பிரசவ வலிப்பு வரலாம், சிசேரியன் செய்யவேண்டும் என்கிறார். லண்டனிலிருந்து வந்த சர் பிலிப் டாப்செல் அதெல்லாம் வேண்டாம் என்கிறார். பிரபு யார் பேச்சைக் கேட்பார்? ‘சர்’ பட்டம் பெற்றவர் பேச்சைத்தான். நடிகை விலகுவதால் வந்த சாவு, ஆனால் அந்த வீட்டின் புத்தியிலிருந்தே பிறக்கிறது. மேத்யூவைக் கொன்ற லாரிக்கு அந்த வீட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்தில் சிபிலின் சாவே உயர்ந்தது.

பேச்சுக்கும் இதே பிரிவுதான். வீடு இருப்பது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஆனால் மேல்தளத்துப் பேச்சில் ஊரே தெரியாது. மேத்யூ மான்செஸ்டரிலிருந்து வந்த வக்கீல். அவர் வாயிலும் மான்செஸ்டர் இல்லை. படித்த பள்ளியும் குடும்பமும் சேர்ந்து ஊரைத் துடைத்துவிடும். ஊர் மணம் முழுக்கக் கீழேதான்.

அதைக் கேட்கத் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி உண்டு, நமக்குக் குறில் நெடில் பழக்கம். பாத், கிளாஸ், லாஃப் ஆகிய சொற்கள் மேலே நெடில். கீழே குறுகி பத், கிளஸ், லஃப் ஆகும். அடுத்தது கப், லவ், மதர். சமையலறை உதவியாள் டெய்சி சொல்லும்போது ‘புட்’ என்பதில் வரும் உகரம் ஏறி குப், லுவ், முதர் என்று விழும். டெய்சியாக நடிக்கும் சோஃபி மெக்‌ஷெரா பிராட்ஃபோர்டுக்காரர், அது சொந்தப் பேச்சு. மூன்றாவது, ஃபேஸ், கோட் போன்ற சொற்கள். மேலே அவை இரண்டு உயிராக வளைந்து ‘ஃபெய்ஸ்’ என்று வரும். யார்க்‌ஷயர்ப் பேச்சில் சுத்தமான ஏ, ஓ. சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் அதே ஏ, ஓதான். பிரபுவின் பேச்சைவிட விவசாயி மிஸ்டர் மேசன் பேச்சு நம் காதில் சட்டென்று ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேடத்தில் வரும் பால் காப்ளி யார்க்‌ஷயரின் பழைய வெஸ்ட் ரைடிங் பகுதியில், டென்பி டேலில் பிறந்தவர்.

ஹகரத்தை விழுங்குவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ‘ஹவுஸ்’ ‘அவுஸ்’ ஆவது லண்டன் ஏழைகளிடமும் உண்டு. அது வர்க்கத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லாது.

இன்னொரு சிக்கல்: சமையல்காரர் மிசஸ் பேட்மோராக வரும் லெஸ்லி நிக்கோல் மான்செஸ்டர், தாமஸாக வரும் ராப் ஜேம்ஸ்-கோலியர் ஸ்டாக்போர்ட், ஓ'பிரையனாக வரும் ஷிவான் ஃபினரன் ஓல்டம். மூன்றும் பென்னைன் மலைக்கு மேற்கே, யார்க்‌ஷயர் கிழக்கே. இதைத் தவறு என்று சொல்பவர்கள் உண்டு. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போனவர்கள் நிறைந்த சமையலறை அது; தலைமைப் பணிப்பெண் மிசஸ் ஹியூஸே ஸ்காட்லாந்துக்காரர். இப்படிக் கலந்திருப்பதுதான் நியாயம்.

வேலைக்காரர்களின் தலைவரான பட்லர் கார்சனைத் தனியாகக் கேளுங்கள். ஜிம் கார்ட்டர் பிறந்தது யார்க்‌ஷயரின் ஹாரகேட்டில். கார்சன் பேசுவதோ மேல்தளத்துப் பேச்சு, ஒரு காலத்தில் மேடையில் ஆடிப் பாடியவர் கற்றுக்கொண்டது. ஆபீசில் ஓர் ஆங்கிலம், காப்பிக்கடையில் ஓர் ஆங்கிலம் என்று மாற்றிப் பேசுகிற ஊரில் இருப்பவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். கார்சன் மாற்றுவதே இல்லை, கீழேயும் அதே குரல். சிபிலை மணந்த பிரான்சன் இதற்கு நேரெதிர்: டிரைவராக இருந்து மருமகனாகி மேலே ஏறியபிறகும் டப்ளின் பேச்சை விடவில்லை. பாஸ்டனுக்குப் போனவர் திரும்பியும் வருகிறார். இரண்டு தளத்து விதிகளுக்கும் அடங்காத ஆள் அவர் ஒருவர்தான்.

பயிற்சிக்கு, முதல் சீசனின் முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சப்டைட்டிலோடு பாருங்கள், கதை பிடிபடட்டும். பிறகு ஹெட்ஃபோன் மாட்டி, சப்டைட்டிலை அணைத்துவிட்டு, சமையலறைக் காட்சி ஒன்றையும் சாப்பாட்டு அறைக் காட்சி ஒன்றையும் மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சப்டைட்டில் எல்லாரையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவிடும். எழுத்தைப் பார்த்ததும் குப் என்பதைக் கப் என்றே காது திருத்திக்கொள்ளும். வேகத்தைக் கூட்டியும் கேட்காதீர்கள், குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும்.