திருமலைக்கு வருகிறவர்களுக்கு: கோணேசர், கன்னியா, தம்பலகாமம்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் பலகையில் 'திருமலை' என்று கண்டதும் திருப்பதி நினைவு வரும். இங்கே திருமலை என்றால் திருகோணமலைதான். அதைவிடப் பெரிய குழப்பம் கன்னியாவும் கிண்ணியாவும். வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியா, அநுராதபுர வீதிப் பக்கம், நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர். கிண்ணியா தெற்கே, பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஊர். ஓட்டோவில் ஏறும்போது "வெந்நீர்க் கிணத்தடி" என்று சொல்லிவிடுங்கள், காசும் நேரமும் மிச்சம்.

கடலோர மலைமேல் சிவன் கோயில் கொண்டிருக்கும் கோணேசரிடம் விடியவே போவது நல்லது. மலைக்குப் போகும் பாதை பிரட்றிக் கோட்டை வாசல் வழியாகத்தான். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதே கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள். கோட்டை வாசற்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயலும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உண்டு. எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, சாய்ந்த வெயிலில்தான் கண்ணுக்குப் பிடிபடும். வாகனத்தில் விர்ரென்று ஏறுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வாசலிலிருந்து மேலே நிதானமாக நடந்தால் கால்மணி நேரம். வழியில் புள்ளிமான்கள் நிற்கும். அர்ச்சனைச் சாமானைப் பொலித்தீன் பையில் கொண்டு போகாதீர்கள். வாழைப்பழ மணத்துக்கு மான் பையையே இழுக்கும்; வீசிய பையைத் தின்று வயிறு அடைத்துச் சாகும் மான்களும் உண்டு. பனையோலைப் பெட்டியோ துணிப்பையோ போதும். மேலே செருப்பைக் கழற்றியபின் தரை முழுக்கக் கல். பத்து மணிக்குப் பிறகு வயதானவர்கள் கால் வைக்கப் படும் பாட்டைப் பார்க்க முடியாது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி கட்டிப் போனால் வசதி. அர்ச்சனை ரிக்கற் எடுக்கும்போது பெயரோடு நட்சத்திரமும் கேட்பார்கள், வீட்டார் நட்சத்திரங்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்பாள் மாதுமையாள். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் தெரிந்தவர்கள் சந்நிதியில் நின்று ஓதலாம். இப்போதுள்ள கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்.

பக்கத்தில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. பிள்ளை வரம் கேட்பவர்கள் சின்ன மரத்தொட்டில் கட்டும் மரமும் அங்கேதான். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் அங்கே கற்பூரம் நிற்காது. பத்து நெருப்புக்குச்சி செலவழிப்பதைவிட, தேங்காய்ப் பாதிக்குள் கட்டியை வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்திக் கொளுத்துங்கள்.

கன்னியாவில் ஏழு கிணறுகள். சதுரமாகக் கட்டியவை, ஆழம் குறைவு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி வார்ப்பது. விரலை விட்டுப் பார்த்து, சூடு குறைந்ததில் தொடங்குங்கள். முதல் வாளி காலுக்கு, பிறகு தோளுக்கு, தலைக்குக் கடைசியில். எடுத்த எடுப்பில் கொதிப்பானதைத் தலையில் ஊற்றிவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சனம் கூடினால் நீர் வற்றி அடி கலங்கும், ஆகவே இங்கும் காலைதான் நல்லது. சவர்க்காரம் கூடாது. இராவணன் தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்த இடம் என்பது ஐதீகம். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வரும் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர்கள் கிரியை செய்யும் நேரத்தில் சிரித்துப் படம் எடுக்காமல் இருந்தால் பெரிய உதவி.

தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயிலுக்குக் கண்டி வீதியால் போய் உள்ளே திரும்ப வேண்டும், சுற்றிலும் வயல். மலைக்கோயில் இடிபட்ட காலத்தில் காப்பாற்றிய திருவுருவங்களை வைத்துக் கும்பிட்ட இடம் என்பார்கள். உச்சிக்குப்பின் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன் போய்ச் சேருங்கள்.

திருமலை நகரம் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) மாகாணக் கந்தோர்களும் (அலுவலகங்கள்) உள்ள ஊர். வெள்ளி பின்னேரம் கந்தோர் விட்டதும் பாதிச் சனம் நேரே பத்திரகாளி அம்மனிடம்தான். கையில் சாப்பாட்டுப் பை, காதில் இன்னும் பேனை. அம்மனை ஆறுதலாகக் கும்பிட வேண்டுமானால் வேறு நாள் பாருங்கள்.

மறந்துபோய்க் கிண்ணியாவுக்கே போய் இறங்கிவிட்டால், ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.