மூன்றாம் துளையில் ஒரு மாற்றம், முழு மோகனம்

பத்துத் துளை மவுத் ஓகனில் எங்கள் கும்மி, காவடிச்சிந்து மெட்டுகள் கீழ் ஸ்தாயியில் இடறும். காரணம், சீ கீயில் (C சுரத்தைச் சட்ஜமாகக் கொண்ட கருவியில்) அங்கே மத்திமமும் தைவதமும் இல்லை. மவுத் ஓகன் கலைஞர் பிரெண்டன் பவர் அமைத்த 'பாடி ரிக்டர்' சுருதி இதில் தைவதத்தைத் தந்துவிடும். மூன்றாம் துளையின் ஊதும் ரீட்டை (அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கை) 392 ஹேர்ட்ஸிலிருந்து 440க்கு உயர்த்தினால் போதும். பஞ்சமம் தொலையாது, அது இரண்டாம் துளையை இழுத்தாலே வரும்.

இனி மோகனம்: 1 ஊது, 1 இழு, 2 ஊது, 2 இழு, 3 ஊது, 4 ஊது. எங்கும் வளைக்க (வாயால் சுரத்தைத் தாழ்த்த) தேவையில்லை. இரண்டாம் இழுப்பைச் சட்ஜமாக வைத்து 3 ஊது, 4 ஊது, 4 இழு, 5 ஊது, 6 ஊது என்று போனால் சுத்த சாவேரி. இதைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கோ, அவ்வளவு அழகு!

மேல் தகட்டைக் கழற்றி, ரீட்டுக்கு அடியில் மெல்லிய சவர பிளேட்டைச் செருகி, நுனியை மட்டும் நீளவாக்கில் சுரண்டுங்கோ. குறுக்கே கீறினால் அந்த இடத்தில்தான் பிறகு முறியும். முழுச் சுரம் ஏற்றுவதால் அவசரம் கூடாது. சூட்டில் சுரம் சற்றுத் தாழும், ஆகவே ஆறவிட்டு டியூனரில் பாருங்கோ. கூடிவிட்டால் ஆணிப்பக்கம் லேசாகச் சுரண்டினால் இறங்கும்.

இழப்பும் உண்டு: 1, 2, 3 சேர்த்து ஊதினால் பழைய மேஜர் கோட் (ச-க-ப சேர்ந்தொலிப்பு) கிடைக்காது. மூன்றாம் இழுப்பும் அரைச்சுரம்தான் வளையும். மத்திமத்துக்கு இரண்டாம் இழுப்பை முழுச்சுரம் வளைக்கவேணும்.