புதிய டிஎல்டி: கட்டணத்துக்குப் பிறகுதான் செலவே

சொந்தமாக ஒரு டிஎல்டி (.காம் போல இணைய முகவரியின் கடைசியில் வரும் பகுதி) வேண்டும் என்று வருபவர்கள் முதலில் விண்ணப்பக் கட்டணத்தைத்தான் கேட்பார்கள். 2012 விண்ணப்பச் சுற்றில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் வாங்கியது 1,85,000 டாலர். 2026 சுற்றுக்கு 2,27,000. கையைக் கடிப்பது அதற்குப் பின்னால் வருபவை.

2012 சுற்றின் விண்ணப்பத்தில் ஆளைத் திணறடித்தது நிதிப் பகுதி. விண்ணப்பித்தவர் கைவிட்டுப் போனாலும் டிஎன்எஸ் (பெயருக்குரிய இணைய முகவரியைத் தருவது), பதிவு, ஹூஇஸ் (பெயர் யாருடையது என்று காட்டுவது), தரவுக் காப்பு (பதிவுத் தரவின் நகலை மூன்றாம் தரப்பிடம் வைப்பது), டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று உறுதிசெய்வது) ஆகிய ஐந்தும் 3 ஆண்டு ஓடுவதற்கான பணத்துக்கு, வங்கிக் கடன் உறுதிக் கடிதமோ தனிக் கணக்கோ காட்ட வேண்டியிருந்தது. தொகையைக் குறைத்துப் போட்டால் விளக்கம் கேட்டார்கள். கூட்டிப் போட்டால் போட்டவர் பணம்தான் முடங்கியது.

அடுத்து, அதே பெயரை வேறு யார் கேட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி. 2012 சுற்றில் வந்தவை 1,930 விண்ணப்பங்கள். தங்களுக்குள் பேசி முடிக்க முடியாதவர்கள் ஏலத்துக்குப் போனார்கள்: .ஆப் 2015-இல் இரண்டரைக் கோடி டாலருக்கும், .வெப் 2016-இல் பதின்மூன்றரைக் கோடிக்கும் போயின. ஊர்ப் பெயரென்றால் அந்த அரசின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பரிசீலனை வரிசையைக்கூட 2012 டிசம்பரில் 100 டாலர் சீட்டு விற்றுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். ஆங்கிலமல்லாத எழுத்துகளுக்கு முன்னுரிமை இருந்ததால், 2013 அக்டோபரில் ரூட்டில் (எல்லா டிஎல்டிகளும் இருக்கும் தலைமைப் பட்டியலில்) முதலில் ஏறியவற்றில் அரபு ‘ஷபகா’வும் ஒன்று.

ஒப்பந்தம் போட்ட கையோடு தொழில்நுட்பச் சோதனை. டிஎன்எஸ்ஸை மட்டும் தயார் செய்துவிட்டுப் போகாதீர்கள். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி), இபிபி (பெயர் விற்கும் நிறுவனங்களோடு தரவு பரிமாறும் நெறிமுறை), ஐடிஎன் அட்டவணை (பெயர்களில் அனுமதிக்கும் பிறமொழி எழுத்துகளின் பட்டியல்), தரவுக் காப்புக் கோப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். முழுக் காப்பு வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், மற்ற நாட்களில் மாற்றங்கள் மட்டும் போதும்.

ரூட்டில் ஏறிய மறுநாளே விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். சில நிறுவனங்களின் உள் நெட்வொர்க்கில் இதே பெயர் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும். அதுவரை வெளியே பதில் கிடைக்காமல் திரும்பிய கேள்விகள், இனி உங்கள் சர்வருக்கு வந்துசேரும். அதனால் 2012 சுற்றில் வந்தவற்றுக்கு 2014 முதல் ஒரு விதி இருந்தது: 90 நாள், கேட்கும் எந்தப் பெயருக்கும் 127.0.53.53 என்ற முகவரியையே திருப்பித் தர வேண்டும். 127 என்று தொடங்குவதால் கேள்வி கேட்ட கணினியைத் தாண்டி எதுவும் போகாது. 53 டிஎன்எஸ்ஸின் போர்ட் (இணைப்பு வாயில்) எண். லாகில் (கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில்) அதைப் பார்த்ததுமே நிர்வாகிக்குச் சந்தேகம் தட்ட வேண்டும் என்பதற்காக அந்த எண். .ஹோம், .கார்ப், .மெயில் மூன்றிலும் இந்தப் பெயர் மோதல் அளவு கடந்து இருந்ததால் அவற்றை ரூட்டில் ஏற்றவே இல்லை.

பிறகு வணிகமுத்திரைக்காரர்களுக்கு சன்ரைஸ்: பொதுப் பதிவுக்கு முன்பே தங்கள் பெயரை அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம். 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் 30 நாள் நடத்தினால் போதும். கொடுக்காவிட்டால் 60 நாள். பொதுப் பதிவைத் திறந்ததும் முதல் 90 நாளுக்கு, முத்திரையோடு ஒத்துப்போகும் பெயரை எடுப்பவருக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும். ரெஜிஸ்ட்ரார்களோடு (மக்களுக்குப் பெயர் விற்கும் நிறுவனங்களோடு) பேசுவதை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். அவர்கள் பட்டியலில் ஏற்றாத பெயரை வாங்க ஆளிருக்காது. ஐகேனுக்குக் காலாண்டுக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்; 2012 சுற்றில் வந்தவர்களுக்கு அது 6,250 டாலராக இருந்தது. அந்தக் கட்டணம் ரூட்டில் ஏறிய நாளிலிருந்தே ஓடும், முதல் பெயர் விற்ற நாளிலிருந்து அல்ல.